நகையைத் திருப்பிய ராத்திரி வந்த தூக்கம்: பணம் தருவது மகிழ்ச்சியா, வேறு ஏதாவதா?

திண்ணைக்காரன்
ஞாயிறு, இரவு 9:50

போன மாதம் 14ஆம் தேதி என் மனைவியின் நகையைத் திருப்பினேன். மொத்தம் 9 பவுன்: ஒரு செயின், நாலு வளையல், அவள் அம்மா போட்டு அனுப்பிய நெக்லஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு அடகு வைத்தது. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே வந்தேன். கல்யாணங்களுக்கு அவள் கவரிங் போட்டுக்கொண்டு வருவாள். யாராவது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் கழுத்து அரிக்கும்.

திருப்பிய அன்று ராத்திரி படுத்தவன், காலையில் ஏழு மணிக்கு அவள் எழுப்பித்தான் எழுந்தேன். மூன்று வருடமாக நாலரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். 41 ஆகிறது, வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வட்டிக் கோளாறு என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் இதை மகிழ்ச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. துள்ளிக் குதிக்கவில்லை, பிரியாணி வாங்கிப் போகவில்லை. முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அதே வாரம் எங்கள் குடும்பக் குழுவில் "பணத்தால் மெத்தை வாங்கலாம், தூக்கம் வாங்க முடியாது" என்று ஒரு ஃபார்வர்ட். அனுப்பியவர் மூன்று வீட்டு வாடகை வாங்குகிற பெரியப்பா. நான் இப்போதுதான் தூக்கத்தை வாங்கிவிட்டு வந்திருக்கிறேன், ரசீதுகூட இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உண்மையில் என்ன உறவு? தத்துவம் வேண்டாம். உங்கள் கையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஒற்றைக்குரல்
ஞாயிறு, இரவு 10:04

அந்த மாதிரி ஃபார்வர்ட் அனுப்புகிறவர்களுக்கெல்லாம் ஒரு ஒற்றுமை உண்டு. யாருக்கும் மாதக் கடைசி கிடையாது.

பணம்தான் மகிழ்ச்சி. மீதியெல்லாம் பணம் இல்லாதவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது, அல்லது பணம் இருக்கிறவன் அடுத்தவனைத் தேற்றச் சொன்னது. முடிந்தது. இந்த விவாத இழையைப் பூட்டலாம்.

நெறியாளர்
ஞாயிறு, இரவு 10:11

பூட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எண்ணும்எழுத்தும்
ஞாயிறு, இரவு 11:32

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் நான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை வைத்து ஒரு நல்ல சண்டை நடந்திருக்கிறது. 2010இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் ஒரு கட்டுரை போட்டார்கள். கானமன் ஏற்கனவே பொருளாதார நோபல் வாங்கியவர், டீட்டன் 2015இல் வாங்கினார். அமெரிக்காவில் கேலப் நிறுவனம் 2008, 2009இல் எடுத்த கணக்கெடுப்பில் இருந்து 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு விதக் கேள்வி இருந்தது. உன் வாழ்க்கையை ஒரு ஏணி என்று வைத்துக்கொண்டால் 0 முதல் 10 வரை எந்தப் படியில் நிற்கிறாய் என்பது ஒன்று. நேற்று சிரித்தாயா, கவலைப்பட்டாயா, மன அழுத்தம் இருந்ததா என்பது இன்னொன்று. ஏணிக் கேள்விக்கு வருமானம் ஏற ஏறப் பதிலும் ஏறியது. நேற்றையக் கேள்விக்கான பதில் மட்டும், வீட்டு வருமானம் ஆண்டுக்கு 75,000 டாலரைத் தொட்டதும் ஏறாமல் நின்றுவிட்டது.

இந்த 75,000தான் உலகம் முழுக்கப் பரவியது. நம் ஆட்கள் அதை அன்றைய டாலர் விலையால் பெருக்கி, "இவ்வளவு லட்சத்துக்கு மேல் பணம் வீண்" என்று படம் போட்டு அனுப்பினார்கள். அங்கே முடி வெட்ட ஆகும் காசுக்கு இங்கே ஒரு குடும்பமே போய் வெட்டிக்கொண்டு வரலாம். விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமே இல்லை.

2021இல் மாத்யூ கில்லிங்ஸ்வர்த் என்ற ஆராய்ச்சியாளர் வேறு வழியில் போனார். நேற்றைப் பற்றிக் கேட்காமல், கைபேசிச் செயலி வழியாக நாளின் ஏதோ ஒரு நேரத்தில் கூப்பிட்டு "இப்போது எப்படி இருக்கிறாய்" என்று கேட்டார். வேலையில் இருக்கும் 33,391 அமெரிக்கர்கள், ஏறக்குறைய 17 லட்சம் பதில்கள். எங்கேயும் நிற்கவில்லை, 75,000த்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கட்டுரை எழுதி வசைபாடும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பார்பரா மெல்லர்ஸ் என்பவரை நடுவராக வைத்துக்கொண்டு கானமனும் கில்லிங்ஸ்வர்த்தும் சேர்ந்து உட்கார்ந்து, 2023இல் ஒரே கட்டுரையாகக் கொண்டுவந்தார்கள். முடிவு என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்குப் பணத்தோடு சேர்ந்து மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் மகிழ்ச்சியில் கடைசி வரிசையில் இருக்கிற 20 சதவீதத்தினருக்கு, ஏறக்குறைய 1 லட்சம் டாலர் வரை ஏறிவிட்டு அப்புறம் நின்றுவிடுகிறது. பழைய கேள்விகள் மகிழ்ச்சியை அளந்ததைவிடத் துயரத்தைத்தான் நன்றாக அளந்தன என்றும் ஒத்துக்கொண்டார்கள். 2010இல் சொன்னதை 2023இல் தானே திருத்திக்கொண்ட கானமனுக்கு அப்போது வயது ஏறக்குறைய 89. அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

திண்ணைக்காரன், உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். கடைசி வரிசைக்காரர்களுக்குப் பணம் செய்த வேலை, துயரத்தில் பணத்தால் தீரக்கூடிய பங்கைத் தீர்த்தது. பிரிவு, சாவு, மனநோய் மாதிரியான மீதிப் பங்கு எத்தனை லட்சம் போட்டாலும் அசையவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்களுடையது முதல் பங்கு.

ஒற்றைக்குரல்
ஞாயிறு, இரவு 11:40

ஆக, ஏறிக்கொண்டே போகிறது. நான் ஒரு வரியில் சொன்னதை நீங்கள் ஐந்து பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள்.

எண்ணும்எழுத்தும்
ஞாயிறு, இரவு 11:51

பாதிதான் நீங்கள் சொன்னது. அந்த ஏற்றம் ரூபாய்க் கணக்கில் போகாது, மடங்குக் கணக்கில் போகும். 10,000 சம்பளம் 20,000 ஆகும்போது என்ன ஏற்றமோ, அதே ஏற்றம் வேண்டுமென்றால் 1 லட்சம் வாங்குகிறவருக்கு 2 லட்சம் ஆக வேண்டும். மேலே போகப் போக அதே சந்தோஷத்துக்கு விலை ஏறுகிறது. அப்புறம் இன்னொன்று, ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு நடுவில் மகிழ்ச்சியில் இருக்கிற வித்தியாசம், சம்பளத்தால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிது. உங்கள் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தாலே தெரியுமே.

வளைகுடாவாசி
திங்கள், அதிகாலை 2:15

இங்கே மணி வேறு, அதனால் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

அபுதாபியில் ஏசி மெக்கானிக். வந்து 16 வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 60 நாள் லீவு. கூட்டிப் பாருங்கள், 16 வருடத்தில் ஊரில் இருந்தது 16 மாதம். மாடி வைத்து வீடு கட்டினேன், அதில் நான் தூங்கியதைவிட மேஸ்திரி அதிக நாள் தூங்கியிருப்பார். தங்கச்சி கல்யாணத்தைக் கடன் வாங்காமல் முடித்தேன். அப்பா கடைசி ஒரு வருடம் நல்ல ஆஸ்பத்திரியில் இருந்தார், பணம் கட்ட ஒரு நாளும் தாமதமாகவில்லை.

லீவில் போனால் என் மகள் "எப்போ வந்தீங்க" என்று கேட்க மாட்டாள். "எப்போ போறீங்க" என்றுதான் கேட்பாள். பாசம் இல்லாமல் கேட்கவில்லை, அவளுக்கு நாள் கணக்கு வேண்டும். அந்தக் கேள்விக்கு எந்த ஆராய்ச்சியில் எத்தனை மார்க் போடுவார்கள் என்று தெரியவில்லை சார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "போகாமலே இருந்திருக்கலாம்" என்று எனக்கு அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் 2008இல் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தவர்கள் இல்லை.

செம்மண்பூமி
திங்கள், காலை 6:20

விழுப்புரம் மாவட்டம், கரும்பு விவசாயி. பணத்தைப் பற்றிப் பேசினால் எங்களுக்குத் தொகையைவிடத் தேதிதான் முக்கியம்.

கரும்பு நட்டால் பத்துப் பன்னிரண்டு மாதம் காசைப் பார்க்க முடியாது. நடும்போது செலவு, உரத்துக்குச் செலவு, சோகை உரிக்கச் செலவு. கரும்பு முற்றி நின்றாலும் நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, ஆலையில் இருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். அது பக்கத்து வயலுக்குத் தையில் வரும், நமக்குப் பங்குனியில் வரும். வெட்டி லாரியில் ஏற்றின பிறகும் பணம் உடனே வராது. 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் 15 சதவீதம் வட்டி என்று 1966ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிறது. ஆணையில் இருக்கிறது, என் பாஸ்புக்கில் பார்த்ததில்லை.

வெட்டுக்கு முந்தைய இரண்டு மாதம் எங்கள் தெருவில் பெண்கள் கழுத்தைப் பார்த்தாலே மஞ்சள் கயிறுதான் தெரியும். அந்த நாட்களில் நான் நானாக இருக்க மாட்டேன். பம்புசெட் சாவியை வைத்த இடம் மறந்துபோகும். பையன் கணக்குச் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவேன். பணம் வந்த பிறகு அதே பையனுக்கு அதே கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திண்ணைக்காரர் சொன்ன நாலரை மணி விழிப்பு எனக்கு வருடத்தில் இரண்டு மாதம் வந்துவிட்டுப் போகும்.

எண்ணும்எழுத்தும்
திங்கள், காலை 8:05

செம்மண்பூமி ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் காபியை ஆறவிட்டேன். இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள், அதுவும் உங்கள் மாவட்டத்தில்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் சாவோ என்ற நாலு பேர் 2013இல் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள். ஒரே ஆளை அறுவடைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை பார்த்தார்கள். விட்டுப்போன வடிவத்தைக் கண்டுபிடிக்கிற படப்புதிர் ஒன்று, கவனம் சிதறாமல் பதில் சொல்கிற சோதனை ஒன்று. அறுவடைக்கு முன்னால் அதே மனிதர் கணிசமாகக் குறைவாகச் செய்தார். கட்டிங் ஆர்டர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதம் வருவதுதான் ஆராய்ச்சிக்கு வசதியாகப் போனது. வெயில், திருவிழா, மாதம் காரணம் என்று தள்ள முடியாது, ஒரே மாதத்தில் ஒருவர் பணத்துக்கு முன்னால் நிற்பார், இன்னொருவர் பின்னால் நிற்பார்.

அடகும் அதில் வருகிறது. அறுவடைக்கு முன்னால் அடகு வைத்திருந்தவர்கள் 100க்கு 78 பேர். பின்னால் 4 பேர்.

செம்மண்பூமி
திங்கள், இரவு 7:45

எங்களுக்குப் பரீட்சை வைத்துவிட்டு மார்க் குறைவு என்று எழுதியிருக்கிறார்களா? எனக்கு இது பிடிக்கவில்லை தம்பி. கடன்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாளைக்கு எவனாவது இதைத் தூக்கிக்கொண்டு வருவான்.

எண்ணும்எழுத்தும்
திங்கள், இரவு 8:20

நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அவர்கள் சொன்னது நேர்மாறானது. புத்தி மட்டு என்றால் அறுவடைக்குப் பிறகும் மட்டாகவே இருக்க வேண்டுமே? அதே ஆள், அதே மூளை, காசு வந்ததும் நன்றாகச் செய்கிறார். மூளையில் பாதி இடத்தை "வட்டிக்கு என்ன செய்வது" பிடித்துக்கொண்டிருந்தது, காலியானதும் திரும்ப வேலைக்கு வந்தது. நீங்கள் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கதைதான் அது, நீங்கள் அவர்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அமெரிக்காவில் ஒரு பேரங்காடியிலும் இதே குழு செய்தது. கார் பழுதாகிவிட்டது, 150 டாலர் ஆகும் என்று யோசிக்க வைத்துவிட்டு ஒரு சோதனை. 1,500 ஆகும் என்று யோசிக்க வைத்து இன்னொரு சோதனை. வசதியானவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வசதியில்லாதவர்கள் 1,500ஐக் கேட்டதும் தடுமாறினார்கள். கார் உண்மையில் பழுதாகவே இல்லை, வெறும் கேள்வி.

செம்மண்பூமி
திங்கள், இரவு 8:41

சரி, அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 464 பேருக்கும் ஆலைப் பணம் நேரத்துக்கு வர வழி செய்தார்களா என்றுதான் நான் கேட்பேன்.

நாலாம்மாடி
திங்கள், இரவு 11:10

கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலை. எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 2 லட்சத்து 30 ஆயிரம் கைக்கு வருகிறது. எங்கள் வீட்டிலும் மாதக் கடைசி இருக்கிறது.

சிரிக்காதீர்கள். ஃப்ளாட்டுக்கு மாதத் தவணை 78,000. காருக்கு 19,000. பையன் பள்ளிக்கட்டணத்தை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். கட்டாயப்படுத்தி யாரும் வாங்க வைக்கவில்லை, ஒவ்வொன்றாக நாங்களேதான் ஏற்றிக்கொண்டோம். எப்படி ஏறியது என்றும் தெரியும்: மூன்றாம் மாடிக்காரர் எதை வாங்கினாரோ அதைத்தான்.

போன வருடம் 11 சதவீதம் சம்பள உயர்வு. மெயிலைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷம், அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு 14 என்று தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்த கணவர் "வேலை போய்விட்டதா" என்று கேட்டார்.

எண்ணும்எழுத்தும்
செவ்வாய், காலை 7:30

ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் சோல்னிக், ஹெமன்வே என்ற இருவர் இதைக் கேட்டார்கள், 1998இல் வந்தது. உனக்கு ஆண்டுக்கு 50,000, மற்றவர்களுக்கு 25,000. அல்லது உனக்கு 1 லட்சம், மற்றவர்களுக்கு 2 லட்சம். விலைவாசி மாறாது. எது வேண்டும்? ஏறக்குறைய பாதிப் பேர் 50,000த்தை எடுத்தார்கள். 14 சதவீதப் பெண் அங்கேயும் உட்கார்ந்திருந்தாள்.

திண்ணைக்காரன்
செவ்வாய், காலை 9:02

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இங்கே யாருக்கும் என் முகம் தெரியாது என்ற தைரியத்தில்.

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் மார்ச் 31 வரை வைத்திருந்தவர்களுக்கு. அப்போது எனக்குச் சங்கத்தில் ஒரு சின்னக் கடன் இருந்தது, பிப்ரவரியில் நாணயமாகக் கட்டி மீட்டிருந்தேன். கட்டாமல் விட்ட எதிர்வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி ஆனது. என் கையில் இருந்து ஒரு ரூபாய் போகவில்லை. கடன் இல்லாதவனாக நின்றேன், அது நல்ல நிலைமைதானே? ஒரு மாதம் அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

ஒற்றைக்குரல்
செவ்வாய், காலை 9:10

இது ஒன்று போதும், உங்களை நண்பராக ஏற்றுக்கொள்கிறேன்.

நாலாம்மாடி
செவ்வாய், இரவு 10:35

நேற்று எழுதியது புலம்பலாகப் போய்விட்டது. பணத்தால் எனக்கு உண்மையாக நல்லது நடந்ததையும் சொல்கிறேன். காரும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. பாத்திரம் கழுவ ஒரு அம்மா வருகிறார், மாதம் 3,500. இரவு 9 மணிக்குத் தொட்டி முன்னால் நிற்கிற முக்கால் மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில் பையனோடு கேரம் ஆடுகிறேன். எங்கள் வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்ததற்கு அந்த 3,500தான் காரணம்.

எண்ணும்எழுத்தும் சார் பாணியில் நானும் ஒன்று சொல்கிறேன். 2017இல் ஆஷ்லி வில்லன்ஸ் குழு கனடாவின் வான்கூவரில் 60 பேருக்கு ஒரு வாரக்கடைசியில் 40 டாலர் கொடுத்து ஏதாவது பொருள் வாங்கச் சொன்னது. இன்னொரு வாரக்கடைசியில் அதே 40 டாலரை நேரம் மிச்சமாகும் விதத்தில் செலவழிக்கச் சொன்னது. நேரம் வாங்கிய நாளில்தான் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

சமையல்கட்டு
புதன், காலை 11:20

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாலாம்மாடிக் கண்ணு, நீ முக்கால் மணி நேரம் வாங்கினாய், சந்தோஷம். அந்த அம்மா வீட்டில் ராத்திரி பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

நாலாம்மாடி
புதன், பகல் 1:05

கேட்டேன் அம்மா, இப்போதுதான், போன் பண்ணி. அவர் மகள் கழுவுகிறாளாம். ப்ளஸ் டூ படிக்கிறாள்.

எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சமையல்கட்டு
புதன், பகல் 3:40

உன்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நானும் இரண்டு வீட்டில் சமைத்தவள்தான், அதனால் அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு முடிந்தால் 500 ஏற்றிக் கொடு. 3,500 வாங்குகிறவளுக்கு 500 என்றால் அந்தச் சார் சொன்ன மடங்குக் கணக்கில் அது பெரிய படி. உனக்கு அது ஒரு பீட்சா.

என் கதை வேறு. கல்யாணமாகி 34 வருடம். பூ வாங்கக் காசு கேட்டால் "எதுக்கு" என்பார். பெண்ணுக்குப் பேசப் போனை ரீசார்ஜ் பண்ண வேண்டும் என்றால் "போன மாசம்தானே" என்பார். கெட்ட மனுஷன் இல்லை, குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். சம்பளத்தைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். ஆனால் எண்ணி வைப்பார். வீட்டு வேலைக்குப் போன நாட்களில் நான் சம்பாதித்ததையும் அவரே எண்ணினார்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தார்களே, காஞ்சிபுரத்தில் தொடங்கி வைத்தது, முதல் தடவையே 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு என்று சொன்னார்கள். அதில் நானும் ஒருத்தி. மாதம் 1,000 ரூபாய், என் பெயரில் உள்ள கணக்குக்கு. முதல் மாதம் ஏடிஎம்மில் எடுக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போனேன். இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது. கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என்ன வாங்கினேன் தெரியுமா? முழம் எண்ணாமல் பூ. ஒரு பந்து அப்படியே.

தொகை பெரிதில்லை என்று எனக்கும் தெரியும், சிலிண்டர் ஒன்றோடு முடிந்துவிடும். ஆனால் "எதுக்கு" என்று கேட்க ஆளில்லாத ஆயிரம் அது. உங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் வீட்டு வருமானம், வீட்டு வருமானம் என்கிறார்களே, வீட்டுக்குள்ளே அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டார்களா?

எண்ணும்எழுத்தும்
புதன், இரவு 9:15

அம்மா, நான் மேலே சொன்ன 75,000 டாலர் கணக்கு வீட்டு வருமானத்தை வைத்துப் போட்டதுதான். உங்கள் கேள்விக்கு அதில் இடமே இல்லை. பதினைந்து வருடமாக அந்தக் கட்டுரையை வகுப்பில் நடத்துகிறேன், ஒரு மாணவரும் இதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

வாளையார்வழி
வியாழன், மாலை 6:30

கோயம்புத்தூர்க்காரன். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்தியதில் இருந்து ஓணம் பம்பருக்கு எல்லை தாண்டிப் போய்வருகிறவன். 20 வருடத்தில் அதிகபட்சமாக விழுந்தது 5,000. எனக்கு ஒரே சந்தேகம்தான்: லாட்டரி விழுந்தவனும் விபத்தில் கால் போனவனும் ஒரு வருடத்தில் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று ஒரு ஆராய்ச்சி சொல்கிறதாமே? அப்படியென்றால் நான் டிக்கெட் வாங்குவது தண்டமா?

எண்ணும்எழுத்தும்
வியாழன், இரவு 8:50

அது 1978இல் பிரிக்மன் குழு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் செய்தது. லாட்டரி விழுந்தவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர். 22 பேரை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. மேலும் ஃபார்வர்டில் வருகிற மாதிரி இரண்டு தரப்பும் ஒன்றாகிவிட்டதாக அதில் இல்லவே இல்லை. விபத்துக்குள்ளானவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் மகிழ்ச்சியைச் சொன்னார்கள், ஜனங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறைவு இல்லை, அவ்வளவுதான். லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை, டிவி பார்ப்பது, அரட்டை, காலைச் சாப்பாடு மாதிரிச் சின்ன விஷயங்களில் அவர்களுக்கு ருசி குறைந்திருந்தது.

பிறகு சுவீடனில் லாட்டரி விழுந்தவர்களைப் பெரிய எண்ணிக்கையில், பரிசு கிடைத்து 5 முதல் 22 வருடம் கழித்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியானது. பெரிய பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்க்கை மேல் இருந்த திருப்தி உண்மையிலேயே கூடியிருந்தது, வருடம் போனாலும் தேயவில்லை. ஆனால் "நீ எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாய்" என்ற கேள்விக்கும் மனநலத்துக்கும் கிடைத்த ஏற்றம் அதைவிடச் சின்னது. மறுபடியும் ஏணி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

டிக்கெட் தண்டம்தான். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, உங்கள் 20 வருடக் கணக்கே போதும்.

வாளையார்வழி
வியாழன், இரவு 9:05

டிக்கெட் வாங்கியதில் இருந்து குலுக்கல் வரைக்கும் ஒரு மாதம் நான் வீடு கட்டிக்கொண்டிருப்பேனே சார், மனசுக்குள்ளே. 500 ரூபாய்க்கு அது விலை அதிகமா?

ஒற்றைக்குரல்
வியாழன், இரவு 9:22

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

இன்றைக்கு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். "பணம்தான் மகிழ்ச்சி" என்று முதலில் எழுதினேன். எங்கள் அப்பா சீட்டு பிடித்து ஏமாந்தவர். நான் எட்டாவது படிக்கும்போது வீட்டு வாசலில் வந்து கத்தின ஆட்களை எனக்கு இன்னும் முகம் முகமாக ஞாபகம் இருக்கிறது. இப்போது வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. குறைந்திருக்காது என்று தெரியும், இருந்தாலும் பார்ப்பேன். வளைகுடாவாசியைவிட எனக்குச் சேமிப்பு அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். திண்ணைக்காரருக்கு 14ஆம் தேதி வந்த தூக்கம் எனக்கு எந்தத் தேதியில் வரும் என்றுதான் இந்த இழையைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

வளைகுடாவாசி
வெள்ளி, அதிகாலை 1:50

தம்பி, இங்கே என் அறையில் எட்டுப் பேர். அதில் நாலு பேர் ராத்திரி அதே வேலையைத்தான் செய்கிறார்கள். போன் வெளிச்சத்தில் முகம் தெரியும். உங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

சமையல்கட்டு
வெள்ளி, காலை 10:30

ஒற்றைக்குரல் தம்பி, சாப்பிட்டாயா?

திண்ணைக்காரன்
ஞாயிறு, இரவு 10:15

செவ்வாய்க்குப் பிறகு பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். இன்றைக்குக் காலையில் மச்சினன் வீட்டுக் கல்யாணம். நகை திரும்பி வந்த பிறகு முதல் விசேஷம். நேற்று ராத்திரியே பீரோவில் இருந்து டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். காலையில் பார்த்தால் மனைவி பழைய கவரிங் செயினைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்று கேட்டேன். "பஸ்ஸில் கூட்டமா இருக்கும், எதுக்கு வம்பு, அது பாட்டுக்கு உள்ளே இருக்கட்டும்" என்றாள்.

மண்டபத்தில் அவளுடைய அத்தை கழுத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு அரிக்கவில்லை. இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

செம்மண்பூமி
திங்கள், காலை 6:05

எனக்குக் கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, வர்ற வியாழக்கிழமை வெட்டு. மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும். திண்ணைக்காரரே, கூட்டுறவில் இப்போது நகைக்கு வட்டி எவ்வளவு போடுகிறார்கள்? வெட்டுக்கூலிக்கு இன்னும் ஒரு செயின் வைக்க வேண்டியிருக்கிறது.

நெறியாளர்
திங்கள், காலை 9:00

நகைக்கடன் வட்டிக்குத் தனி இழை இருக்கிறது, கேள்வியை அங்கே மாற்றியிருக்கிறேன். இதைப் பூட்டவில்லை.